முந்நூற்று அறுபது மீட்டரில் ஒரு ஜெபம்

டோமினி வீன்ஸ்ட்ரா ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் எப்போது திறப்பார் என்பது அவருக்கே தெரியாது. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் போர்ட் வில்லெம், டச்சுக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். போதகரை நாங்கள் டோமினி என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சனிக்கிழமையே சமைத்து வைக்கும் வழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்று யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், ஓய்வுநாள் கட்டளையால் என்பார்கள் ஆண்கள். டோமினியின் ஜெபத்தால் என்பார்கள் பெண்கள்.

அப்படிப்பட்டவரை வானொலியில் ஏற்றிவிட்டவர் எங்கள் முதலாளி லாமர்ட் ரோலோஃப்ஸ். 'லான்டர்ன்' என்ற மாலைப் பத்திரிகை அவருடையது. பக்கத்து நகரத்துப் பத்திரிகை ஒன்று வானொலி நிலையம் வைக்கப்போவதாகக் காதில் விழுந்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஆறே வாரத்தில் பத்திரிகைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பலகையால் ஓர் அறை எழும்பியது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் நெடுகக் குதிரைக் கம்பளிகள் தொங்கின. மழை பெய்தால் அறைக்குள் லாயத்து வாசனை அடிக்கும். பியானோ மாடிப்படியில் திரும்பாததால், காகித உருளைகளைத் தூக்கும் கப்பியில் கட்டி வெளிப்பக்கமாக ஏற்றினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஒரு கிழவர், பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் நாலு பேர் சேர்ந்து பாடினால் போதாதா, இதற்கு இவ்வளவு கயிறா என்று கேட்டாராம்.

முதலாளி தர்மத்துக்காக நிலையம் வைக்கவில்லை. பத்திரிகை விற்கத்தான் வைத்தார். அவருக்கு ஒரே சட்டம்தான். பத்திரிகை தெருவுக்குப் போகும்வரை எந்தச் செய்தியும் வானொலியில் போகக்கூடாது. போன பிறகும் முழுசாகப் போகக்கூடாது.

"தலையை மட்டும் காட்டுங்க. உடம்பையும் பாக்கணும்னா பேப்பர் வாங்கட்டும்," என்பார்.

கருவியை இயக்கியவள் ஃபென்னா போஸ்மா. அப்போது இருபத்து மூன்று வயது. அவள் அப்பா ஏரிக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி அடித்தவர். வாய்ப்பாடு வருவதற்கு முன்பே அவளுக்குத் தந்திக் குறி வந்துவிட்டது என்று அவள் அம்மா பெருமையும் அலுப்புமாகச் சொல்வாள். அரசாங்க உரிமத்துக்காக டெட்ராய்ட் போய்ப் பரீட்சை எழுதியபோது, தேர்வு அதிகாரி அவளுடைய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரோ ஜாடை காட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, தனியறையில் உட்காரவைத்து இன்னொரு முறை எழுதச் சொன்னாராம். இரண்டாவது தடவை இன்னும் வேகமாக எழுதினாள். அந்த உரிமத்தைச் சட்டம் போட்டுக் கருவிக்கு மேலே மாட்டியிருந்தாள். மாநிலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படியொரு காகிதம் வைத்திருந்த பெண் அவள் ஒருத்திதான். அது போனால் இன்னொன்று கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பெயர் ஆலிடா, ஃபென்னாவுக்கு ஆலி. என் வேலை கடிதம் பிரிப்பது. அந்தக் காலத்தில் வானொலி கேட்டவர்கள் ஒரு தபால் கார்டு போட்டுவிடுவார்கள். உங்கள் பியானோ கேட்டது, உங்கள் பாடகிக்கு ஜலதோஷமா என்று எதையாவது எழுதுவார்கள். நான் அவற்றை எடுத்து, பெயர், ஊர், எத்தனை மைல் என்று போட்டு 'நம்மைக் கேட்டவர்கள்' என்ற தலைப்பில் பத்திரிகைக்குக் கொடுப்பேன். தங்கள் பெயரைப் பார்ப்பதற்காகவே பலர் பத்திரிகை வாங்கினார்கள். முதலாளியின் கணக்குத் தப்பவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசாங்கம் அப்போது எல்லா நிலையங்களுக்கும் இரண்டே இரண்டு அலைகளைக் கொடுத்திருந்தது. பாட்டு, பிரசங்கம், பேச்சு எல்லாம் முந்நூற்று அறுபது மீட்டரில். வானிலையும் விளைபொருள் விலையும் நானூற்று எண்பத்தைந்தில். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் அனுப்பினால் குற்றம். மாற்றுவது லேசான காரியமும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, செப்புச் சுருளில் மாட்டியிருக்கும் கவ்வியைக் கழற்றி, சில சுற்று தள்ளி மாட்டி, மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். கேட்பவர்களும் தங்கள் பெட்டியில் எங்களைத் தேடிக்கொண்டு பின்னால் வர வேண்டும். பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்தப் பாதியில் தோட்டக்காரர்கள்தான் அதிகம். ஏரிக்கரை நெடுக பீச்சும் செர்ரியும் ஆப்பிளும் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் நாலு வீட்டார் கூடுவார்கள். காதில் மாட்டும் கருவியை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டால் சத்தம் கொஞ்சம் பெரிதாகும். கிண்ணத்தைச் சுற்றித் தலைகளை வைத்துக்கொண்டு கேட்பார்கள். கிண்ணத்திலிருந்து சத்தம் நின்றுபோனால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு, மே மாதம், இரண்டாம் சனிக்கிழமை. பீச் மரங்கள் முழுசாகப் பூத்திருந்தன. மாலை ஏழு மணிக்கு வயலின் கச்சேரி. அது முடிந்ததும் ஓய்வுநாளுக்கு முந்தைய ஜெபம். அதோடு நிலையம் மூடிவிடும். ஞாயிறன்று ஒலிபரப்பு கிடையாது, பத்திரிகையும் கிடையாது.

ஏழே முக்காலுக்குக் கீழே தந்தி மேஜையில் வானிலை அலுவலகத்துச் செய்தி வந்தது. விடிவதற்குள் ஏரிக்கரையில் கடும் உறைபனி, இருபத்தாறு டிகிரி, காற்று இல்லை. முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும். இருபத்தாறில் பூவெல்லாம் கருகி, அந்த வருஷத்துக்குப் பழமே இல்லாமல் போகும். தந்திக்காரர் அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்து ஓடச் சொன்னார்.

நான் மூச்சு வாங்க மாடிக்குப் போனபோது, டோமினி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மிஷனரிகள் முடிந்து, கடலில் போகிறவர்கள் முடிந்து, விதவைகளுக்கு வந்திருந்தார். ஃபென்னா தாளைப் படித்தாள். நேரம் பார்த்தாள். அவள் கை மின்சாரக் கைப்பிடிக்குப் போயிற்று, அங்கேயே நின்றது.

இதை எங்கள் ஊரார் அல்லாதவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். கூரை தீப்பிடித்தாலும் நாங்கள் ஜெபத்தின் நடுவே எழுந்திருக்கமாட்டோம். ஆமென் வரட்டும் என்று உட்கார்ந்திருப்போம். போதகர் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குவது, ஃபென்னா மாதிரித் துணிச்சல்காரிக்கும் கைவராத காரியம்.

சீக்கிரம் முடிக்கும்படி சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். சத்தமில்லாமல் போய், தாளை டோமினியின் முன்னால் இருந்த சாய்மேஜையில் வைத்து, அவர் கோட்டுக் கையை இரண்டு விரலால் தொட்டாள்.

டோமினி ஒரு கண்ணைத் திறந்தார். தாளைப் பார்த்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருஷமாகப் பிரசங்கபீடத்தில் அவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது இப்படித்தான் யாராவது ஒரு சபை மூப்பர் வந்து துண்டுத்தாள் வைப்பார். இன்னார் வீட்டில் காய்ச்சல், இன்னாருக்குப் பிரசவ வலி. தாள் வந்தால் அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. டோமினி திறந்த கண்ணை மறுபடி மூடினார். ஃபென்னா திரும்பிவந்து மின்சாரக் கைப்பிடிமேல் கையை வைத்துக்கொண்டாள். டோமினியின் குரல் ஒரு படி ஏறி, நிதானமானது.

"ஆண்டவரே, இந்த இரவு விடியுமுன்னே ஏரிக்கரை எங்கும் இருபத்தாறு டிகிரி மட்டும் குளிர் இறங்கும் என்று உமது ஊழியர்கள் அறிவித்திருக்கிறார்கள். காற்றும் இராது என்கிறார்கள். பீச் மரங்கள் பூத்து நிற்பதை நீர் அறிவீர். இவற்றை நட்டவர்களை விழித்திருக்கப் பண்ணும். எண்ணெய்ச் சட்டிகளை ஏற்ற அவர்கள் கைகளுக்குப் பெலன் தாரும். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவன் உங்களில் எவன் என்று கேட்டவர் நீரே."

அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் போய், மேலும் ஆறு நிமிஷம் கழித்து ஆமென் சொன்னார். ஃபென்னா உடனே மின்சாரத்தை நிறுத்தி, கவ்வியை மாற்றி, நானூற்று எண்பத்தைந்தில் அதே செய்தியை முறைப்படி இரண்டு தரம் வாசித்தாள். அப்புறம் பதிவேட்டைத் திறந்து எழுதினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "7.52: ஜெபத்தினுள் வானிலைச் செய்தி. அலை 360." மையை ஒற்றியெடுத்து மூடினாள். டோமினி தொப்பியை எடுத்துக்கொண்டே, நல்ல வேளை அந்த வேண்டுதல் சமயத்துக்கு வந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஆராதனைக்குப் போன எங்களுக்குச் சபைக்குள் நுழையும்போதே தார் வாசனை அடித்தது. தோட்டக்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் முழு வெள்ளை இல்லை. பூவைக் குளிர் தாக்காமலிருக்க விடிய விடிய எண்ணெய்ச் சட்டியும் ஈர வைக்கோலும் பழைய டயரும் எரித்துப் புகைபோட்டிருந்தார்கள். கழுத்துப்பட்டைக்கு மேலே கழுவியும் போகாத கரி. பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போலப் பெப்பர்மிண்ட் மிட்டாய்ப் பொட்டலங்கள் கைமாறின. மிட்டாயின்மேல் கறுப்புக் கைரேகை. பாதிப் பேர் வாயில் மிட்டாயோடு தூங்கிவிட்டார்கள். மூப்பர்கள் இரண்டு பேருக்குக் கோபம். ஓய்வுநாளில் இத்தனை அடுப்பா என்று வாசலில் முணுமுணுத்தார்கள். அதற்கு ஒரு தோட்டக்காரர், நாங்களாக எரித்திருந்தால் பாவம்தான், டோமினியே கடவுளிடம் அனுமதி வாங்கிக் கொடுத்த பிறகு எரிக்காவிட்டால் அதுவல்லவா பாவம் என்று கேட்டார்.

பூ தப்பித்தது.

திங்கள்கிழமை கார்டுகள் வரத் தொடங்கின. செவ்வாய்க்கிழமை நூற்று அறுபதைத் தாண்டியது. சிலவற்றில் பீச் பூவை வைத்து ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள். வெறும் வானிலைச் செய்தியாக வந்திருந்தால் நாளை ஓய்வுநாள், கடவுள் விட்டபடி என்று படுத்திருப்போம், ஜெபத்தில் வந்ததால் எழுந்தோம் என்று. சிலர் மணியையும் நிமிஷத்தையும்கூடக் குறித்திருந்தார்கள். நான் அவற்றில் பதினொன்றைப் பொறுக்கி, செவ்வாய் மாலைப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே போட்டேன். 'கச்சேரி அலையில் காத்த ஜெபம்' என்று தலைப்புக் கொடுத்ததும் நான்தான். முதலாளி படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். அவர் யார் முதுகிலும் தட்டுகிறவர் இல்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் அச்சடித்துக் கெட்டோம். வியாழக்கிழமை டெட்ராய்டிலிருந்து தந்தி வந்தது. அரசாங்க வானொலி ஆய்வாளர் பிரையர் வெள்ளிக்கிழமை காலை வருகிறார், பதிவேட்டையும் இயக்குபவரின் உரிமத்தையும் தயாராக வைக்கவும். கீழே ஒரு வரி: 'தங்கள் செவ்வாய்க்கிழமை இதழ் கண்டோம்.'

முதலாளி தந்தியை இரண்டு தரம் படித்தார். பிறகு ஃபென்னாவைக் கூப்பிட்டனுப்பினார். சுருக்கெழுத்துக்கு என்னையும் உட்காரச் சொன்னார். அப்புறம், எழுத வேண்டாம், சும்மா இரு என்றார். பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் நிதானமாகத்தான் பேசினார். ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஜெபம் நடந்தது உண்மை. ஜெபம் கச்சேரி அலையில் போவது சட்டப்படி சரி. ஜெபத்துக்குள் என்ன இருந்தது என்று எழுதச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, 'ஜெபம்' என்று ஒரே சொல்லோடு புதுப் பக்கம் எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

"பொய் எழுதச் சொல்லலம்மா. கொஞ்சம் குறைச்சு எழுதச் சொல்றேன். நம்ம பேப்பர்ல தினம் செய்யறதுதானே," என்றார்.

ஃபென்னா நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலைப்பைப் போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது என்றேன்.

"வெட்டிக்காதே. நாளைக்குக் கார்டு பிரிக்கணும்," என்றாள்.

பக்கத்தை மாற்றிவிடு என்று நான் கெஞ்சினேன். முதலாளியே சொல்கிறார், டோமினியும் ஜெபம்தான் செய்தேன் என்றால் கதை முடிந்தது என்றேன். அவள் துறைமுகத்தை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆலி, நான் தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சா, பொம்பளை கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லுவாங்க. பொய் எழுதினேன்னு தெரிஞ்சா, பொம்பளை கையில பதிவேட்டைக் குடுத்தா இப்படித்தான்னு சொல்லுவாங்க. எப்படியும் ஏதோ ஒண்ணு சொல்லத்தான் போறாங்க. நடந்ததுக்கே சொல்லட்டுமே."

"உரிமம் போயிட்டா?"

"போயிட்டா, எங்க அம்மா சந்தோஷப்படுவா. நான் முன்னாடி வேலை பாத்த தோல் ஆலை ஆபீஸ்ல எனக்கு இன்னும் நாற்காலி போட்டு வெச்சிருக்காங்களாம்." சிரிக்கத்தான் பார்த்தாள். "அந்த நாத்தத்துக்குத் திரும்பிப் போகவா ரெண்டு தரம் பரீட்சை எழுதினேன்?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் பிரையர் வந்தார். ஒல்லியானவர், சளி பிடித்திருந்தது. ரயிலில் வந்த களைப்புத் தெரிந்தது. முதலாளி காப்பியும் பாதாம் பணியாரமும் வரவழைத்திருந்தார். ஆய்வாளர் காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த முதல் சாமான் எங்கள் செவ்வாய்க்கிழமைப் பத்திரிகை. என் தலைப்பின் கீழே சிவப்புப் பென்சில் கோடு.

பதிவேடு எங்கே என்று கேட்டார். முதலாளி ஃபென்னாவைப் பார்த்தார். ஃபென்னா அதை அவர் முன்னால் திறந்துவைத்தாள். பக்கம் மாறவில்லை. ஆய்வாளர் விரலை வைத்து அந்த வரியைப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு டோமினி உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஊரில் விஷயம் பரவியிருந்தது. பரப்பியதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. டோமினிக்கு நாற்காலி போட்டு, ஆய்வாளருக்கு அறிமுகப்படுத்தி, அன்று மாலை நடந்தது ஜெபமா வானிலையா என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாமே என்றார்.

"அதான் நானும் கேக்க நெனச்சேன்," என்றார் ஆய்வாளர். "ஐயா, நீங்க செஞ்சது ஜெபம்தானா?"

டோமினி தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் யோசிக்கும்போது அறையே காத்திருக்கும்.

"ஜெபம்னு சொன்னா இந்தப் பொண்ணு தப்பிச்சிடும். எனக்குத் தெரியும். தாளைப் பாத்தப்ப வேண்டுதல்னுதான் நெனச்சேன். ஆனா பாதி படிக்கறப்பவே அது என்னன்னு புரிஞ்சுபோச்சு. குளிர் எத்தனை டிகிரின்னு கடவுளுக்கு நான் சொல்லணுமா? அந்த நம்பரைச் சத்தமா, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கேக்கறவங்களுக்காகத்தான் சொன்னேன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அது ஜெபம் அல்ல.

"ஆனா தப்பு என்னோடது," என்றார் டோமினி. "தண்டனை எனக்குத்தான் வரணும்."

ஆய்வாளர் மூக்கைச் சிந்திவிட்டு, போதகர்களுக்கு எங்கள் துறை உரிமம் கொடுப்பதில்லை, அதனால் பிடுங்கவும் முடியாது என்றார். பிறகு ஃபென்னாவின் பக்கம் திரும்பினார். அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தது எதற்காக என்று கேட்டார்.

"அவர் ஜெபத்தை முடிக்கணும்னு வெச்சேன், சார். முடிச்சா அலையை மாத்தலாம்னு."

"அவர் அதைச் சொல்ல ஆரம்பிச்சப்ப கைப்பிடி உங்க பக்கத்துலதானே இருந்தது?"

"என் கையே அதுமேலதான் இருந்தது."

"அப்புறம்?"

"ஜெபத்தை நிறுத்த எனக்குத் தைரியம் வரல." அவள் டோமினியைப் பார்க்காமலே சொன்னாள். "சொல்லி முடிக்கட்டும்னும் தோணிச்சு. ரெண்டும் உண்மை. தோட்டக்காரங்க அந்த அலையிலதான் இருந்தாங்க. நான் மாத்தியிருந்தா பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

"நாளைக்கே மறுபடி இப்படி ஒரு தந்தி வந்தா?"

"ஜெபத்தை நிறுத்திட்டு மாத்துவேன். மாத்தறதுக்கு முன்னாடி, எல்லாரும் இருந்த இடத்துலயே இருங்க, இப்போ உங்க பூவைப் பத்தின சேதி வருது, நானூத்தி எண்பத்தஞ்சுக்கு வாங்கன்னு சொல்லுவேன். அப்படிச் சொல்றது வானிலை ஆகாது இல்லியா, சார்?"

ஆய்வாளர் யோசித்தார். ஆகாது என்றார். டோமினி, நிறுத்துவதாக இருந்தால் தன் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக நிறுத்திவிடலாம், மீதியைத் தான் வீட்டில் போய் முடித்துக்கொள்வதாகச் சொன்னார். அதை அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். நீளமாக எழுதினார். எழுதியதை ஃபென்னாவிடம் திருப்பிக் காட்டினார். உரிமம் இருபத்தொரு நாள் நிறுத்திவைக்கப்படுகிறது. ரத்து இல்லை. கண்ணாடிச் சட்டத்திலிருந்து உரிமத்தைக் கழற்றி வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டாம் நாள் பதிவுத் தபாலில் வரும் என்றார்.

"இதுக்கு ரத்து பண்ணணும்னுதான் எனக்கு உத்தரவு," என்றார் வாசலில் நின்று. "இந்தப் பக்கத்துல வேற ஏதாவது இருந்திருந்தா அதைத்தான் பண்ணியிருப்பேன். பேப்பர்ல பதினோரு பேர் சொன்னதுக்கும் பதிவேட்டுக்கும் ஒத்துப்போகுதான்னு பாக்கத்தான் வந்தேன்."

அவர் போனதும், டோமினி போனதும், அறையில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். ஃபென்னாவுக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது; அது எனக்கும் தெரியும். உரிமம் இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நிலையத்தை நடத்த முடியாது. டெட்ராய்டில் உரிமத்தோடு வேலை தேடும் ஆண்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவன் இருபத்தொரு நாளுக்கென்று வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கமாட்டான். முதலாளியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பதிவேட்டை இழுத்து, தான் கிழிக்கச் சொன்ன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"ஆலிடா, எழுதிக்கோ. முதல் பக்கம், கட்டம் போட்டு."

நான் பென்சிலை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். லான்டர்ன் வானொலி நிலையம் இன்று முதல் இருபத்தொரு நாள் மௌனமாயிருக்கும். சென்ற சனிக்கிழமை உறைபனிச் செய்தி தவறான அலையில் சென்றுவிட்டது. அதை எங்கள் இயக்குபவரே பதிவேட்டில் எழுதி, அரசாங்கத்திடமும் ஒப்புக்கொண்டார். அவர் திரும்பி வரும் நாளில் நிலையமும் திரும்பி வரும்.

காரணத்தைக் கட்டாயம் போட வேண்டுமா, இயந்திரக் கோளாறு என்று போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கத்து நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று எனக்குக் கவலை.

"சொன்னதை எழுதும்மா. இந்த ஒரு தடவை தலையும் உடம்பும் சேந்தே போகட்டும்."

ஃபென்னா எழுந்துவந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து பாடகர்கள் பெயர் வந்தது, பியானோக்காரர் பெயர் வந்தது, கப்பி இழுத்தவர்கள் பெயர்கூட வந்தது. அவள் பெயர் ஒரு தரமும் வந்ததில்லை. கருவியை ஒரு பெண் இயக்குகிறாள் என்று தெரிந்தால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று முதலாளி நினைத்தார். நாங்களும் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். கார்டு போடுகிறவர்கள் எல்லோரும் 'அன்புள்ள ஐயா' என்றுதான் எழுதுவார்கள்.

"இயக்குபவர்னு மட்டும் இருக்கே," என்றாள்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "பேர் போடணுமா? தப்பு நடந்துதுன்னு சொல்ற இடத்துலயாம்மா?"

"ஆமா. மிஸ் ஃபென்னா போஸ்மான்னு முழுசாப் போடுங்க."

"முதல் தடவையா உன் பேர் வரப்போறது. இதுக்கா வரணும்?"

"எதுக்கோ ஒண்ணுக்கு வரட்டும், சார்."

முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் 'இயக்குபவர்' என்பதற்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, தாளை என் கையிலிருந்து வாங்கி, அச்சுக்கோப்பவரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.